புகை வராத அடுப்பு

திருவண்ணாமலையில் குளிர் உண்டா என்று கேட்பவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை. பாறை பொசுக்கும் ஊரில் அறையைச் சூடாக்க அடுப்பு எதற்கு என்று சிரிப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. கார்த்திகை மழையில், வெயிலே எட்டிப் பார்க்காத பின்னறையில், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணின் பாதத்தை ஒரு தடவை தொட்டிருந்தால் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்திருக்கும். காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துணி, சாத்தின கதவு, அடைத்த ஜன்னல். பச்சை உடம்புக்குக் காற்றுதான் எமன் என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது இருக்கும், பாவாடை சட்டைப் பெண். அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்த அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் நடப்பாள். நான் பின்னாலேயே போய் அவள் நடையை நடந்து காட்டி, முதுகில் அடி வாங்குவேன். அந்த அடி வலிக்கவே வலிக்காது.

எங்கள் பின்னறையில் ஒரு விறகு அடுப்பு இருந்தது. செங்கல் வைத்து மண் பூசிய அடுப்பு, சுவரோடு சேர்த்துக் கட்டியது. சமையலுக்கு இல்லை. வெந்நீர் போடவும், மழைக்காலத்தில் அறையைச் சூடாக வைக்கவும். அதற்கு மேலே, கூரைக்குக் கீழே, புகை போக ஓர் ஓட்டை. ஓட்டை இருந்தது என்று பேர்தான், புகை பாதி எங்கள் கண்ணுக்குள்தான் போகும். அக்காவையும் என்னையும் பெற்று அம்மா படுத்திருந்தது அந்த அடுப்புப் பக்கத்தில்தான். புகை தாங்காமல் நிமிஷத்துக்கு ஒரு தரம் யாராவது கதவைத் திறந்து விசிறுவார்களாம். "உன்னைப் பெத்தப்போ அழுதது வலிக்கு இல்ல, பொகைக்குத்தான்" என்று அம்மா சொல்வாள்.

ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் பின்னறைச் சுவர் ஊறி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அடுப்பும் அதோடு மண்ணாகப் போனது. கொத்தனார் வந்து சுவரை எடுத்துக் கட்டினார். அம்மா கூடவே நின்று, "அந்த ஓட்டைய அடைச்சுடுங்க, அது வழியாத்தான் சாரலும் காத்தும் வருது" என்றாள். கொத்தனார் அடைத்துவிட்டார். பூச்சு வேலை அழகாக இருந்தது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

அடுத்து, புது அடுப்பு. எங்கள் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு பேச்சு நடக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்க்கிற வேலை. வருகிற வண்டி எல்லாவற்றிலும் அபிப்பிராயமும் வந்து இறங்கும். வேலூர் வண்டி டிரைவர் மரத்தூள் அடுப்புதான் என்றாராம். தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை அடைத்து இடித்து, பாட்டிலை உருவினால் நடுவில் குழி வரும், பற்றவைத்தால் பாதி நாள் நின்று எரியும். விழுப்புரம் வண்டிக் கண்டக்டர், தூள் ஈரமானால் அந்த அடுப்பு அழும், வேண்டாம் என்றாராம். மண்ணெண்ணெய் ஸ்டவ் நாறும், ரேஷனில் கிடைப்பதும் கம்மி. அப்பா ராத்திரி சாப்பாட்டில் ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் குரலில் சொல்லிக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம்.

அதிகம் சிரித்தது சின்ன அத்தை. சின்ன அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பிள்ளை இல்லை என்று அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டதும், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். துக்கத்தோடு வந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டே பாடுவாள். தெருவில் போகிற கீரைக்காரியை வம்புக்கு இழுத்துவிட்டு, அவளுக்கே மோர் கொடுப்பாள். அவள் கை எப்போதும் சூடாக இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவை விட்டு அத்தை கையைத்தான் தேடுவேன்.

அத்தை மட்டும் பழையபடி விறகு அடுப்பே இருக்கட்டும் என்றாள்.

"மண்ணு கொழைச்சு நானே போட்டுடறேன் அண்ணி. வெறகு எரிஞ்சா படபடன்னு சத்தம் கேக்கும். தொணைக்கு ஒரு ஆளு ஒக்காந்து பேசிக்கினு இருக்கற மாதிரி இருக்கும்."

"நீ வாயாடறது பத்தாதா, அடுப்பு வேற வாயாடணுமா?" என்றாள் அம்மா. "பொறக்கப் போற புள்ளைக்குக் கண்ணு எரிய வேணாம். எங்களோட போவட்டும் அந்தப் பொக."

அக்காவும் அம்மா பக்கம். அத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள். பெரிய வாதம் எல்லாம் இல்லை. அவள் கேட்டது துணைக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தீபத்துக்கு ஊர் நிறைய ஜனம் வந்திருந்த நாளில், தேரடி வீதிக் கடையில் அப்பா அந்தக் கரி அடுப்பை வாங்கி வந்தார். குமுட்டி என்பார்களே, அதேதான். வார்ப்பு இரும்பு, மூன்று கால், பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, வெள்ளிப் பெயின்ட். கூட்டத்தில் இடிபடாமல் இருக்க அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்ததாகச் சொன்னார். அதற்குச் சில நாள் முன்னால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அன்று சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியது. அத்தை குழந்தையைக் கைகளில் ஏந்தி, பின்னறை ஜன்னலைக் கையகலம் திறந்து, "அங்க பாருடா தொர, உனக்கோசரம்தான் இம்மாம் பெரிய வெளக்கு" என்றாள். அம்மா ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த அடுப்பைப் பற்றி அம்மாவுக்கு ஒரே பெருமை. முற்றத்தில் வைத்துக் கரியைப் பற்றவைப்பாள். ஆரம்பப் புகை எல்லாம் அடங்கி, கரி கங்காகிச் சிவந்த பிறகுதான் உள்ளே தூக்கிப் போவாள். பார்க்க வந்தவர்களிடம், "கையை மேல காட்டிப் பாருங்க, ஒரு இழை பொக வருதா?" என்பாள். வராது. சத்தமும் வராது. அறை கதகதவென்று இருக்கும். சாம்பிராணி வாசனை, வசம்பு, தைலம், பால் வாடை எல்லாம் கலந்த ஒரு மணம். குழந்தை கைகளை மூடிக்கொண்டு தூங்கும். பெயர் வைக்கவில்லை இன்னும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெயர், எங்கள் வீட்டில் ஒரு பெயர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் தொரை என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவோடு அறையில் படுத்துக்கொண்டது அத்தைதான். குழந்தை அழுதால் தூக்க, துணி மாற்ற. எதிர்வீட்டுக்காரம்மா அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "புள்ள இல்லாதவள புள்ளகிட்ட படுக்க வைக்கறியே, பாத்துக்கோ" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அம்மாவுக்கும் முகம் மாறியது. ஆனால் அக்கா, "அத்த இருந்தாதாம்மா நான் கண்ண மூடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் பேச்சில்லை.

பிறகு புயல் வந்தது. மலை மேல் தீபம் எரிந்துகொண்டிருந்த நாட்கள்தான் அவையும். ஆனால் மேகம் இறங்கி மலையே காணாமல் போயிருந்தது. காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும் போல அடித்தது. அம்மா அன்று சாயங்காலமே அடுப்பு கொள்ளாமல் கரி போட்டு நிரப்பினாள். ஜன்னல் சந்தில் கோணிச் சாக்கைத் திணித்தாள். கதவுக்கு அடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாள். நானும்தான் அந்தப் புடவையின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினேன். அறைக்குள் ஊசி முனை அளவு குளிர்கூட இல்லை. "இப்ப இன்னா புயலு வந்தாலும் வரட்டும்" என்று அம்மா திருப்தியாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

விடிந்ததும் அம்மா காபியோடு போய்க் கதவைத் தள்ளினாள். டம்ளர் விழுந்து உருளும் சத்தத்தில்தான் நான் எழுந்து ஓடினேன்.

ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்திருந்தது. கோணிச் சாக்கு பிய்த்து எறிந்தது போல ஒரு பக்கம். ஜன்னலுக்குக் கீழே அத்தை சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். புடவை எல்லாம் வாந்தி. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலில் அக்கா மூச்சு இருந்தும் எழுப்ப எழுப்ப எழவில்லை. அவள் பக்கத்தில் குழந்தை. முகம் செக்கச் சிவந்து, தூங்குவது போலவே இருந்தது. அம்மா எடுத்து மார்பில் அணைத்துப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தக் கூப்பாட்டை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் என்னால் முடியாது.

மூலையில் கரி அடுப்பு சாம்பல் பூத்து நின்றது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அந்தக் காற்றிலேயே கொஞ்ச நேரத்தில் நினைவு வந்தது. வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். ஜன்னி கண்டுவிட்டது என்று ஊசி போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தார்கள். திறந்த ஜன்னல்.

"ஏன் தொறந்த?" என்று அம்மா கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"தல சுத்துச்சு அண்ணி. மூச்சு முட்டுச்சு. செத்துடுவேனோன்னு இருந்துச்சு. எப்படி தொறந்தேன்னே தெரியல."

"உனக்கு மூச்சு முட்டுச்சுன்னு பச்சப் புள்ள மேல புயல் காத்த வுட்டியா?"

எதிர்வீட்டுக்காரம்மா, "மலை மேல தீபம் பாக்கத் தொறந்திருப்பா. அன்னிக்கே தொறந்தா இல்ல?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அது தெருவெல்லாம் போனது. அன்று மலையே தெரியவில்லை, தீபம் எங்கே தெரியும்? அதை ஓர் ஆள் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றுகிற வயது இல்லை.

குழந்தையை எடுத்துக்கொண்டு போனபோது அத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாள். அக்காதான், படுத்தபடியே, "அவ தொட வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு அக்கா அத்தையிடம் பேசவே இல்லை. அன்றைக்கு என்று இல்லை, என்றைக்குமே.

கொஞ்ச நாளில் அப்பாவே தங்கையை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். கீழ்பென்னாத்தூரில் தூரத்து உறவு ஒன்று இருந்தது, கடலை உடைக்கிற மில்லில் வேலையும் சொல்லி வைத்திருந்தார். "கொஞ்ச நாளு இரும்மா, எல்லாம் ஆறட்டும்" என்றார். நானும் கூடப் போயிருந்தேன். அத்தை அதே டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசில் கொடுத்தார். எந்த வண்டியையும் நேரம் தவறி எடுக்க விடாத மனிதர். அத்தை ஏறிய வண்டியும் சரியான நேரத்துக்கே போனது.

அத்தையை அனுப்பினோம், அடுப்பை வைத்துக்கொண்டோம். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். அந்தக் குமுட்டி எங்கள் வீட்டில் இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. அதில் அப்பளம் சுட்டோம், சோளக்கதிர் வாட்டினோம், இஸ்திரிப் பெட்டிக்குக் கங்கு எடுத்தோம். எல்லாம் முற்றத்தில், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு அடுத்த பிள்ளைகள் வெயில் காலத்தில் பிறந்தன. அறைக்குள் அடுப்பு வைக்க வேண்டியே வரவில்லை. வரிசையாக மூன்று பையன்கள். வெள்ளிப் பெயின்ட் உதிர்ந்து, கால் ஒன்று உடைந்து, கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் போனது அந்த அடுப்பு. அம்மாவுக்கு அதைக் கொடுக்கவே மனசில்லை. "நல்ல அடுப்பு, ஒரு நாளும் கண்ணு எரிஞ்சதில்ல" என்றாள்.

எண்பதுகளின் நடுவில், கல்லூரி சேர்ந்த பிறகு, நான் மட்டும் ஒரு கோடையில் கீழ்பென்னாத்தூர் போய் அத்தையைப் பார்த்தேன். ஒற்றை அறை வீடு. உள்ளே போனதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. இருந்த ஒரே ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. அத்தை இளைத்துப் போயிருந்தாள். கடலைத் தூசியில் தலை செம்பட்டையாக இருந்தது. பாட்டு இல்லை. மோர் கொடுத்தாள், விசிறி விட்டாள்.

"இந்த வெயில்ல ஜன்னல ஏன் அத்த அடிச்சு வச்சிருக்க?"

"எனக்கு ஜன்னலு ஆவாதும்மா. என் கை சும்மா இருக்காது."

மோர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள். "அவளுக்கு எத்தினி பசங்க? நல்லா இருக்கானுங்களா? யாரு மாதிரி இருக்கானுங்க?" நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவன் பெயரையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய கடலை கட்டிக் கொடுத்தாள். அக்கா வீட்டுக்கு என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று தெரிந்ததும் அக்கா அதை மாட்டுக்கு வைத்துவிட்டாள்.

அப்பா போனார், அம்மா போனாள். அத்தை எல்லோருக்கும் பின்னால், வயதாகி, அதே அறையில் போனாள். அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். "எனக்கு முட்டி வலி, நீ போய்ட்டு வா" என்று பதில் வந்தது. நான்தான் போனேன். அறையில் கூட்டம் நிற்க முடியாமல் புழுங்கியது. யாரோ அந்தப் பலகையைப் பெயர்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்கள்.

ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பேப்பரில் ஒரு மூலையில் சின்னச் செய்தி. ஏதோ மலைப்பிரதேசத்துக்குச் சுற்றுலா போன குடும்பம், குளிருக்குக் கரி அடுப்பை அறையில் வைத்துக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு படுத்தது, காலையில் யாரும் எழவில்லை. கரி புகையாவிட்டாலும் அதிலிருந்து வருகிற காற்று விஷம், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தலை சுற்றும், வாந்தி வரும், உடம்பு சிவந்து போகும், சின்னக் குழந்தைகள்தான் முதலில் போகும் என்று கீழே எழுதியிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பழைய அடுப்பு புகைந்து புகைந்து எங்களைக் கதவைத் திறக்க வைத்தது. இது ஒரு சத்தம் போடவில்லை. அத்தை ஒருத்திதான் அன்றைக்கு அந்த வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தாள். அதற்குத்தான் அவளை பஸ் ஏற்றினோம். அவளிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவள் இல்லை. ஐயோ, ஒரு வருஷம் முன்னால் அந்தச் செய்தி வந்திருக்கக் கூடாதா.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் புழுங்கினேன். புகை வேண்டாம் என்று அவளும்தான் சொன்னாள். இந்த வயதில் அந்தப் பாரத்தை அவள் தலையில் வைப்பது எதற்கு என்று ஒரு மனம். அத்தைக்கு இனி நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மனம். கடைசியில் அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்கா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். பேப்பரையும் படித்துக் காட்டினேன். அவள் கீரையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. ஆய்ந்த காம்பையே திரும்பத் திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அத்த தொறக்கலன்னா?" என்றாள்.

"நீயும் இல்லக்கா. அத்தயும் இல்ல."

உள்ளே அவள் நடு மகன் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பேரப்பிள்ளைகள் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடின. அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அத்தைக்கு யாருடி கொள்ளி வச்சாங்க?"

"பக்கத்து வூட்டுப் பையன். மில்லுல கூட வேல பாத்தவளோட புள்ள."

அக்கா கீரைத் தட்டைத் தரையில் வைத்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு மூணு பசங்க இருக்கானுங்களேடி" என்றாள்.